கடைமடை மின்சாரம்: காரைக்காலின் கம்பி யார் கையில்?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன சில எபிசோடுகள்ல காவிரித் தண்ணியைப் பத்திப் பேசினோம். அப்போ "கடைமடை"ன்னு ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை தாண்டி, பிரிஞ்சு பிரிஞ்சு, கடைசியா வந்து சேர்ற வயல்தான் கடைமடை. மேல இருக்கிறவன் மதகை மூடினா கீழ இருக்கிறவனுக்கு ஈரம்கூட வராது. காரைக்கால் அப்படி ஒரு கடைமடை ஊர். அரசலாறு கடலுக்குப் போற இடம். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. அது காரைக்கால் வயலுக்கான தண்ணி. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த 7 டி.எம்.சி.யைத் தொடவில்லை.

இன்னைக்கு நான் பேசப்போறது தண்ணி இல்லை, கரண்ட். மின்சாரத்துலயும் காரைக்கால் கடைமடைதான். கம்பி தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டி வருது. உத்தரவு புதுச்சேரியிலிருந்து வருது. யூனிட்டுக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றவங்க குருகிராம்ல இருக்காங்க. மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்கணும்ங்கிற அறிவிப்பு டெல்லியிலிருந்து வந்தது. இந்த நாலு ஊரும் எப்படி ஒரு காரைக்கால் வீட்டு மீட்டருக்குள்ள வந்து சேர்ந்துச்சுங்கிறதுதான் இந்த எபிசோடோட கதை.

முதல்ல, ஊரோட அமைப்பு

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. காரைக்காலைச் சுத்தி நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். கிழக்கே வங்கக் கடல். காரைக்கால் நகரம், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம், அவ்வளவுதான் மொத்தப் பிராந்தியமும். 2011 கணக்கெடுப்புல மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். தலைமையகமான புதுச்சேரி வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

இப்படி ஒரு துண்டு நிலம் தனியா நிக்கக் காரணம் பிரெஞ்சுக்காரங்க. 1739-ல் தஞ்சை மராத்தியர்கள்கிட்டயிருந்து காரைக்கால் அவங்க கைக்குப் போச்சு. நடுவுல ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறி மாறிப் போனாலும், கடைசியில பிரான்ஸோட இருந்துச்சு. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூர்ல வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகள்ல 170 பேர் இந்தியாவோட இணையணும்னு சொன்னாங்க. நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறுச்சு. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். 1963 ஜூலை 1-ல் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமாச்சு.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்ஸும் போட்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்துல ஒரு வாக்குறுதி இருக்கு. இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் அரசியலமைப்பு ரீதியான மாற்றம் எதைச் செய்வதானாலும், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மின்துறையைத் தனியார்மயமாக்குறது அரசியலமைப்பு மாற்றம் கிடையாது. ஆகவே இந்த வாக்குறுதியை நீதிமன்றத்துல நேரா நீட்ட முடியாது. ஆனா "எங்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க"ங்கிற பழக்கம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்ததுன்னு இதுல தெரியும்.

வாரியம் இல்லாத பிரதேசம்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவோட மின்சார வரலாறு பெரும்பாலும் மின்வாரியங்களோட வரலாறு. 1948-ல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. அதன்படி மாநிலத்துக்கு மாநிலம் வாரியம் உண்டாச்சு. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ல் ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி தமிழ்நாடு மின்சார வாரியம். நம்ம ஊர்ல இன்னமும் கரண்ட் ஆபீஸை "இ.பி."ன்னு சொல்றோமே, அந்தப் பேர் அங்கிருந்து வந்ததுதான்.

அதே காலத்துல பிரான்ஸும் இதே பக்கம்தான் யோசிச்சது. 1946 ஏப்ரல் 8-ல் ஒரு சட்டம் போட்டு தனியார் மின் நிறுவனங்களைத் தேசியமயமாக்கினாங்க. எலெக்ட்ரிசிட்டே த பிரான்ஸ், அதாவது ஈ.டி.எஃப்., அப்படிப் பிறந்ததுதான். மின்சாரம் வியாபாரச் சரக்கு மட்டும் இல்ல, ஊருக்குப் பொதுவான வசதிங்கிற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு உலகம் பூராவும் இருந்தது.

ஆனா புதுச்சேரியில வாரியம்னு ஒண்ணு அமையவே இல்ல. இங்க மின்சாரம் அரசுத் துறை. பொதுப்பணித் துறை, சுகாதாரத் துறை மாதிரி மின்துறை. கம்பத்துல ஏறுற லைன்மேன் அரசு ஊழியர். வர்ற பில் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். செலவு சட்டமன்றத்துல ஓட்டுக்கு வர்ற பட்ஜெட்டிலிருந்து வரும்.

இது சின்ன நிர்வாக வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனா பின்னாடி வர்ற சட்டச் சண்டையோட முக்கிய முடிச்சு இதுலதான் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இன்னொரு விஷயம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் நாலு துண்டு. கேரளாவுக்குள்ள மாஹே. கோதாவரி ஓரமா ஆந்திராவுக்குள்ள ஏனாம். தமிழ்நாட்டுக்குள்ள புதுச்சேரியும் காரைக்காலும். ஒரே துறை, மூணு மாநிலத்துக் கம்பி. மாஹேக்குக் கேரள மின்வாரியத்துகிட்ட கரண்ட் வாங்கணும். மத்த இடங்களுக்குப் பெரும்பகுதி மத்திய நிலையங்கள்ல இருந்து ஒதுக்கீடா வருது: நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம், கைகா, கூடங்குளம், இப்படி. சொந்தமா உற்பத்தின்னு பார்த்தா நாலு பிராந்தியத்துக்கும் சேர்த்து ரொம்ப காலம் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

திருமலைராயன்பட்டினத்து 32.5 மெகாவாட்

அந்த நிலைமையை மாத்தின இடம் காரைக்கால். புதுச்சேரி நகரத்துக்காரங்களுக்கே பல பேருக்கு இது தெரியாது.

காவிரிப் படுகையில எண்ணெயும் எரிவாயுவும் இருக்குன்னு ஓ.என்.ஜி.சி. கண்டுபிடிச்சது நமக்குத் தெரியும். காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினம் பக்கம் நரிமணம். அந்தப் பகுதி எரிவாயுவை வெச்சு மின்சாரம் எடுக்கலாம்னு 1993-ல் புதுச்சேரி அரசு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சது: புதுச்சேரி மின்திறல் குழுமம், ஆங்கிலச் சுருக்கத்துல பி.பி.சி.எல். திருமலைராயன்பட்டினம் கொம்யூன்ல, போலகத்துல நிலையம் எழுந்தது. 2000 ஜனவரியில வணிக ரீதியான உற்பத்தி தொடங்குச்சு.

மொத்தத் திறன் 32.5 மெகாவாட். இதுல 22.9 மெகாவாட் எரிவாயு டர்பைன். மீதி 9.6 மெகாவாட் நீராவி டர்பைன். எப்படி வேலை செய்யுதுன்னா, எரிவாயுவை எரிச்சு முதல் டர்பைனைச் சுத்த வைக்கிறாங்க. அதிலிருந்து வெளியேறும் சூடான புகையை வீணாக்காம, அந்தச் சூட்டுலயே தண்ணியைக் காய்ச்சி நீராவியாக்கி, இரண்டாவது டர்பைனைச் சுத்த வைக்கிறாங்க. ஒரே எரிபொருள்ல இரண்டு தடவை வேலை வாங்குற முறை. இதைக் கூட்டுச் சுழற்சின்னு சொல்றோம்.

இங்க உற்பத்தியாகிற மின்சாரம் காரைக்கால் பிராந்தியத்துக்கே போகுது. கடைமடை ஊருக்கு ஊருக்குள்ளேயே ஒரு ஊற்று கிடைச்ச மாதிரி.

ஆனா ஊற்றோட மதகு ஊர்க்காரன் கையில இல்ல. எரிவாயு பூமிக்கடியில பக்கத்து ஊர்ல இருந்தாலும், அதோட விலையை மத்திய அரசு நிர்ணயிக்குது, அதுவும் டாலர்ல. 2014-ல் கொண்டுவந்த சூத்திரம் வெளிநாட்டுச் சந்தை விலைகளைப் பார்த்து ஓடுச்சு. 2023 ஏப்ரல்ல அதை மாத்தி, பழைய வயல்களோட எரிவாயுவுக்கு ஒரு பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்குக் குறைஞ்சபட்சம் 4 டாலர், அதிகபட்சம் 6.5 டாலர்னு வரம்பு கட்டினாங்க. டாலர் ஏறினா நரிமணத்து வாயுவும் ஏறும். அந்த ஏற்றம் பி.பி.சி.எல். விற்கிற யூனிட் விலையில வந்து, மின்துறை வாங்குற செலவுல வந்து, கடைசியில பில்லுல வந்து உக்காரும்.

அந்தப் பில்லை யார் நிர்ணயிக்கிறாங்க? இங்கதான் குருகிராம் வருது.

குருகிராம் கதைக்குள்ள வர்ற இடம்

2003-ல் பாராளுமன்றம் மின்சாரச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1910 சட்டம், 1948 சட்டம், 1998 ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் மூணையும் எடுத்துட்டு ஒரே சட்டம். இதோட அடிப்படை எண்ணம் இதுதான்: கட்டணத்தை அமைச்சர் முடிவு பண்ணக் கூடாது. தேர்தல் வந்தா குறைப்பாங்க, முடிஞ்சா ஏத்துவாங்க, துறை கடன்ல மூழ்கும். அதனால கட்டணம் போடுற வேலை சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையத்துக்கு.

ஒவ்வொரு யூனியன் பிரதேசத்துக்கும் தனி ஆணையம் வைக்க முடியாது இல்லையா? சட்டத்தோட 83-வது பிரிவு கூட்டு ஆணையத்துக்கு வழி வெச்சது. 2005 மே மாசம் யூனியன் பிரதேசங்களுக்கான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைஞ்சது. 2008-ல் கோவாவும் சேர்ந்துச்சு. அந்தமான், லட்சத்தீவு, சண்டிகர், டாமன், தாத்ரா, கோவா, புதுச்சேரி எல்லாத்துக்கும் ஒரே ஆணையம். அலுவலகம் ஹரியானாவுல, டெல்லிக்குப் பக்கத்துல குருகிராம்.

நான் இதைக் குறையா மட்டும் சொல்லல. ஆணையம் வந்த பிறகு நடந்த நல்லதையும் சொல்லணும். முன்னாடி துறையோட கணக்கு அரசுக் கோப்புக்குள்ள இருந்துச்சு. இப்போ ஒவ்வொரு வருஷமும் எவ்வளவுக்குக் கரண்ட் வாங்குறீங்க, கம்பியில எவ்வளவு இழப்பு, சம்பளம் எவ்வளவு, எந்த வகை நுகர்வோர் எவ்வளவு தர்றாங்க, எல்லாத்தையும் மனுவா எழுதிப் பொதுவுல வைக்கணும். 64-வது பிரிவின்படி பொதுமக்களோட ஆட்சேபத்தைக் கேட்டுத்தான் கட்டண உத்தரவு போடணும். குடிசைக்கு ஒரு விளக்கு திட்டத்துல இருக்கிற வீட்டுக்கு என்ன கட்டணம், பம்புசெட்டுக்கு என்ன, ஆலைக்கு என்னன்னு வகை வகையா அந்த உத்தரவுல பார்க்கலாம்.

ஆனா தூரம்ங்கிறது தூரம்தான். சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திண்ணையில போய் "என்னய்யா கரண்ட் பில் இப்படி வருது"ன்னு கேட்ட விவசாயிக்கு, இப்போ "அது ஆணையம் போட்டதுங்க"ன்னு பதில் வருது. பொறுப்பு ஒரு படி தள்ளிப் போச்சு. எல்லை தாண்டினா நாகப்பட்டினத்துல வேற கதை. அங்க 2016 மே மாசத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே வாய்க்காலோட இரண்டு கரையில இரண்டு ஆணையம், இரண்டு கட்டணம்.

2020 மே 16

அடுத்த படி டெல்லி. கொரோனா முதல் ஊரடங்கு நேரம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாளுக்கு ஒரு தொகுப்பா அறிவிப்பு வெளியிட்டுக்கிட்டு இருந்தார். 2020 மே 16-ம் தேதி அறிவிப்புல ஒரு வரி: யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகம் தனியார்மயமாக்கப்படும். அதை மாநிலங்களுக்கு ஒரு முன்மாதிரியா காட்டலாம்ங்கிறதும் நோக்கம்.

அப்போ புதுச்சேரியில வி. நாராயணசாமி தலைமையிலான காங்கிரஸ் அரசு. ஜூலை மாசம் சட்டமன்றத்துல தனியார்மயத்துக்கு எதிரா தீர்மானம் போட்டாங்க. 2021-ல் ஆட்சி மாறி என். ரங்கசாமி முதலமைச்சரா வந்தார். இந்த முறை மத்தியில ஆளும் பா.ஜ.க.வோட கூட்டணி. 2022 செப்டம்பர் கடைசியில விநியோகத்தை வாங்கத் தனியாரிடம் டெண்டர் கேட்டு அறிவிப்பு வந்தது.

செப்டம்பர் 28-ல் மின்துறை ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் ஆரம்பிச்சாங்க. அந்த நாட்கள்ல புதுச்சேரியில பல பகுதி இருள்ல கிடந்துச்சு. ஜனங்க ரோட்டுல உக்காந்தாங்க. துணைநிலை மின்நிலையங்களுக்கு மத்தியப் படையைக் காவலுக்குக் கொண்டு வந்தாங்க. அக்டோபர் முதல் வாரத்துல போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு.

இரண்டு பக்க வாதத்தையும் நியாயமா வைக்கிறேன். அரசுத் தரப்பு சொன்னது: பழைய கம்பி, பழைய ட்ரான்ஸ்ஃபார்மர், முதலீட்டுக்குப் பணம் இல்ல. தனியார் வந்தா இழப்பு குறையும், சேவை மேம்படும். ஊழியர் தரப்பு சொன்னது: துறை தள்ளாடிக்கிட்டு இல்ல. மக்கள் பணத்துல கட்டின சொத்தை ஏன் கொடுக்கணும்? ஏழைக்கும் விவசாயிக்கும் கிடைக்கிற சலுகை என்ன ஆகும்?

சட்ட முடிச்சு

இப்போ நான் முன்னாடி சொன்ன "வாரியம் இல்லாத பிரதேசம்"ங்கிற விஷயத்துக்கு வர்றேன். நிதானமாக் கேளுங்க, கொஞ்சம் சட்டம்.

2003 சட்டத்தின் 131-வது பிரிவு, மாநில மின்வாரியத்தின் சொத்துகளும் உரிமைகளும் பொறுப்புகளும் மாநில அரசின் கைக்கு வந்து, அங்கிருந்து ஒரு மாற்றுத் திட்டத்தின் மூலம் நிறுவனங்களுக்குப் போகும் முறையைச் சொல்கிறது. 133-வது பிரிவு ஊழியர்களைப் பற்றியது. மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பணி நிபந்தனைகளைவிடக் குறைவாக எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறது.

இப்போ கேள்வி. 131-வது பிரிவு "மின்வாரியம்"னு சொல்லுது. வாரியமே இல்லாத இடத்துல, அரசுத் துறையை இந்தப் பிரிவு வழியா மாத்த முடியுமா? இரண்டாவது கேள்வி. "மாநில அரசு"ன்னு சட்டம் சொல்லுது. யூனியன் பிரதேசத்துல மாநில அரசு யார்? 1897-ம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், யூனியன் பிரதேசத்தைப் பொறுத்தவரை "மாநில அரசு"ன்னா மத்திய அரசுன்னு சொல்லுது. ஆனா புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருக்கு. மின்சாரம் அரசியலமைப்போட பொதுப் பட்டியல்ல 38-வது இனம். அப்போ சட்டமன்றம் போட்ட தீர்மானத்துக்கு எடை என்ன?

புதுச்சேரியில இந்த இரண்டாவது கேள்வி புதுசு இல்ல. துணைநிலை ஆளுநருக்கும் தேர்ந்தெடுத்த அரசுக்கும் யாருக்கு அதிகாரம்னு கிரண் பேடி காலத்துல ஒரு வழக்கு நடந்துச்சே. 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்துல ஆளுநர் தலையிட முடியாதுன்னார். 2020 மார்ச்சுல இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. அது ரத்தாகி இரண்டு மாசத்துலதான் மின்துறை அறிவிப்பு வந்தது.

முதல் கேள்விக்கு ஒரு பதில் சண்டிகர்ல கிடைச்சது. அங்கயும் வாரியம் கிடையாது, அரசுத் துறைதான். 2022 பிப்ரவரியில ஊழியர் வேலைநிறுத்தத்துல நகரமே இருண்டது. உயர் நீதிமன்றம் தானா முன்வந்து விசாரிச்சது, ராணுவப் பொறியாளர்களைக் கூப்பிட வேண்டி வந்தது. ஊழியர் சங்கம் தனியார்மயத்தை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. 2024 நவம்பர்ல பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செஞ்சது. 2025 பிப்ரவரி 1-ல் கல்கத்தாவின் சி.இ.எஸ்.சி. குழும நிறுவனம் சண்டிகர் விநியோகத்தைக் கையில எடுத்துச்சு. அடிப்படை விலை 174 கோடி ரூபாய்னு வெச்சாங்க, அந்த நிறுவனம் 871 கோடிக்குக் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடியே, 2022 ஏப்ரல் 1-லிருந்து தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூ விநியோகத்துல 51 சதவீதம் டோரண்ட் பவர் கைக்குப் போயிருந்தது.

ஆனா சண்டிகருக்குச் சட்டமன்றம் இல்ல. டாமனுக்கும் இல்ல. சட்டமன்றம் இருந்து, அது தீர்மானமும் போட்டிருக்கிற யூனியன் பிரதேசம் புதுச்சேரி. அதனால சண்டிகர் தீர்ப்பை அப்படியே எடுத்து இங்க ஒட்டிட முடியாதுங்கிறது என் கருத்து.

டெல்லி சொல்லித் தர்ற பாடம்

தனியார்மயம் நடந்தா என்ன ஆகும்னு ஊகிக்கத் தேவையில்ல. டெல்லி இருபது வருஷத்துக்கு மேல பார்த்தாச்சு. 2002 ஜூலை 1-ல் டெல்லி வித்யுத் போர்டைப் பிரிச்சு, விநியோகத்துல 51 சதவீதத்தை டாடா பவர், பி.எஸ்.இ.எஸ். கிட்ட கொடுத்தாங்க. கம்பி இழப்பும் திருட்டும் பெரிய அளவுல குறைஞ்சது. இது உண்மை, மறைக்கக் கூடாது.

இன்னொரு உண்மையும் இருக்கு. நிறுவனம் செலவு பண்ணினேன்னு சொல்ற தொகைக்கும், ஆணையம் பில்லுல வசூலிக்க விட்ட தொகைக்கும் வித்தியாசம் சேர்ந்துக்கிட்டே வந்தது. இதை "ரெகுலேட்டரி அசெட்"னு சொல்றாங்க. பேர்ல சொத்துன்னு இருக்கு, ஆனா அது நுகர்வோர் பின்னாடி கட்ட வேண்டிய பாக்கி. கடைக்காரர் நோட்டுல எழுதி வைக்கிற கணக்கு மாதிரி. டெல்லியில மூணு நிறுவனத்துக்கும் சேர்த்து இந்தப் பாக்கி 27,200 கோடி ரூபாயைத் தொட்டுச்சு. 2025 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றம், இப்படி வருஷக்கணக்கா பாக்கி சேர விட்டது ஒழுங்குமுறையோட தோல்வி, காலவரம்பு வெச்சு தீர்க்கணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பு டெல்லிக்கு மட்டும் இல்ல, எல்லா மாநில ஆணையத்துக்கும் பொருந்தும். நோட்டை ஒரு நாள் மூடித்தான் ஆகணும்.

இதை ஏன் சொல்றேன்னா, துறையா இருக்கும்போது சலுகைக் கணக்கு அரசோட ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போறது. நிறுவனம் வந்தா அப்படி இல்ல. 65-வது பிரிவின்படி அரசு சலுகை கொடுக்க நினைச்சா அந்தத் தொகையை முன்கூட்டியே நிறுவனத்துக்குப் பணமாக் கட்டணும். மாசாமாசம் கட்ட முடியாத ஒரு சின்ன அரசு என்ன பண்ணும்? குடிசை வீட்டு விளக்கும் கடைமடை பம்புசெட்டும் அந்தப் பதிலைப் பொறுத்திருக்கு.

புயல் வந்தா?

காரைக்கால்ல இதைவிட நேரடியான ஒரு கேள்வி இருக்கு. 2008 நவம்பர்ல நிஷா புயல் காரைக்கால் பக்கம்தான் கரை கடந்துச்சு. 2018 நவம்பர் 16-ல் கஜா தெற்கே நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல அடிச்சது. டெல்டாக் கரையில கம்பம் சாயுறது எப்பவாவது நடக்கிற விபத்து இல்ல. அது இந்தக் கடற்கரையோட பருவநிலை.

அப்படிச் சாயும்போது பக்கத்து மாவட்டத்திலிருந்தும் மாநிலத்திலிருந்தும் ஆள் வருவாங்க, கம்பம் வரும். அரசுத் துறைகளுக்கு நடுவுல அந்த ஏற்பாடு ஒரு போன்ல நடக்கும். நிறுவனம் வந்தா அதையெல்லாம் எழுத்துல வைக்கணும்: எத்தனை ஆள் காரைக்கால்லயே இருக்கணும், எத்தனை கம்பம் கையிருப்பு, எத்தனை மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கரண்ட். புயல் சேதச் செலவை யார் ஏற்கணும், பில்லுல ஏத்தலாமா? 2020 டிசம்பர்ல வந்த நுகர்வோர் உரிமை விதிகள், சேவை தவறினா இழப்பீடு உண்டுன்னு சொல்லுது. புயலுக்கு அது எந்த அளவு பொருந்தும்ங்கிறதை ஒப்பந்தத்துலயே தெளிவாக்கணும். நாலு பிராந்தியத்துக்கும் ஒரே ஒப்பந்தம்னா லாபம் வர்ற புதுச்சேரி தொழிற்பேட்டைக்கு முதல்ல ஆள் போவாங்களா, நெடுங்காட்டு வயலுக்குப் போவாங்களா?

நடுவுல வேற வழி இல்லையா?

பொதுவா இந்த விவாதம் அரசுத் துறையா, தனியாரான்னு இரண்டோட நின்னுடும். உலகத்துல அப்படி இல்ல. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க மின்சாரம் கொடுக்கிறது பொது மின் மாவட்டங்களும், நகராட்சிகளும், கூட்டுறவு அமைப்புகளும்தான். பொது மின் மாவட்டங்களோட இயக்குநர்களை ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. அவ்வளவு தூரம் போக வேணாம். கேரளாவுல திருச்சூர் மாநகராட்சி சொந்தமா மின்விநியோகம் நடத்துது. மும்பையில பெஸ்ட், பஸ் ஓட்டுற அதே பொது நிறுவனம், வீட்டுக்குக் கரண்டும் கொடுக்குது.

மின்துறையை அரசே வைத்துக்கொள்ளும் நிறுவனமாக மாற்றலாம். பிராந்தியத்துக்குத் தனிக் கணக்கு வைக்கலாம். நுகர்வோர் பிரதிநிதியை இயக்குநர் குழுவில் உட்கார வைக்கலாம். பி.பி.சி.எல். அரசு நிறுவனமாக 1993-லிருந்து இருக்கிறது என்பதே இது நடக்கக்கூடியது என்பதற்கு ஊருக்குள்ளேயே ஒரு சான்று. இதையெல்லாம் பரிசீலித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது ஒரு முடிவு. பரிசீலிக்காமலே விற்றால் அது வேறு.

நாளைக்கு மின்சாரத் திருத்த மசோதா வந்தா விஷயம் இன்னும் மாறும். 2022 ஆகஸ்ட் 8-ல் மக்களவையில வெச்ச மசோதா, ஒரே கம்பியில பல நிறுவனங்கள் விற்கலாம்னு சொன்னது. எதிர்ப்பு வந்து நிலைக்குழுவுக்குப் போச்சு. அந்த எண்ணம் போகல. வேற வேற வரைவுல திரும்பி வந்துக்கிட்டே இருக்கு. கம்பி பொதுவுலயும் வியாபாரம் தனியார்லயும் இருந்தா, பெரிய நுகர்வோரை நிறுவனம் எடுத்துக்கிட்டு, குடிசையும் பம்புசெட்டும் மட்டும் அரசு தலையில மிஞ்சுமோங்கிற பயம் ஊழியர்களுக்கு மட்டும் இல்ல, விவசாயிக்கும் உண்டு.

கடைசியா கேக்கிறவங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். நீங்க காரைக்கால்காரரா இருந்தா, அடுத்த கட்டண மனு வெளியாகும்போது அதை எடுத்துப் படிங்க. கூட்டு ஆணையத்தோட இணையதளத்துல பொதுவுல வைக்கிறாங்க. ஆட்சேபம் எழுத வக்கீல் தேவையில்ல. காரைக்காலுக்குத் தனியா எவ்வளவு முதலீடு, எத்தனை லைன்மேன் இடம் காலி, புயல் கையிருப்பு என்னன்னு கேளுங்க. எழுதிக் கேட்டதை ஆணையம் தன் உத்தரவுல பதிவு பண்ணி, பதிலும் சொல்லியாகணும். 1954-ல் கீழூர்ல 178 பேரைத்தான் கேட்டாங்க. இப்போ மீட்டர் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கேக்கிற உரிமை இருக்கு.

அடுத்த எபிசோட்ல அரசலாத்து முகத்துவாரத்துக்குப் போறோம்: காரைக்கால் துறைமுகத்தோட கதை. அதுவரைக்கும், வணக்கம்.